யாருக்குத் தெளிவில்லை?

ஆங்கில இலக்கியத்தில் மேற்படிப்புப் படிப்பவர் என்ன எழுதுகிறார் என்று கேட்டால் ஆய்வேடு என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். சிலர் சற்றுக் கூச்சத்தோடு, கதையோ கவிதையோ எழுதுவதாகவும் சொல்வார்கள். இவை இரண்டையும் சேர்த்தாலும் ஈடாகாத அளவுக்கு அவர் எழுதிக் குவிக்கும் இன்னொன்று உண்டு: முதலாண்டு மாணவர்களின் கட்டுரைகளை ஒட்டி, தாளின் ஓரத்தில் எழுதும் திருத்தக் குறிப்புகள். அதை எழுத்து என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, எழுதுகிறவரே சேர்ப்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குவாஜூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டும் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் கழித்த ஆண்டுகளை இப்போது எண்ணிப் பார்க்கையில், எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவை பெரும்பாலும் அந்த ஓரக் குறிப்புகள்தான் என்று படுகிறது. என் ஆய்வேட்டின் வாக்கியங்களும் கதைகளின் வாக்கியங்களும் அங்கேதான் பழுது பார்க்கப்பட்டன. அது நடந்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது போளூரில். ஆங்கிலத்தில் முதுகலை முடித்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று புரியாமல் இருந்த காலத்தில், டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் கப்பல் பட்டியல்கள் என் கண்ணில் பட்டன. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல், சென்னையில் ஏறிய 342 பேரை டர்பன் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அது தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இந்தியாவிலிருந்து வந்திறங்கினார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். வந்தவர் ஒவ்வொருவருக்கும் பட்டியலில் ஒரு வரி உண்டு. எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுக்கா, கிராமம், உடலில் உள்ள அடையாளம். வட ஆற்காடு என்ற பெயர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அதற்கு நேரே ஆரணி, வந்தவாசி, குடியாத்தம், போளூர். எங்கள் ஊரிலிருந்து யாராவது அப்படிப் போனதாக ஒரு கிழவி சொல்லியும் நான் கேட்டதில்லை. போனவர்களை ஊர் மறந்துவிட்டது. போய்ச் சேர்ந்த இடத்தில் அவர்களைப் பற்றிய தாள் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அந்தத் தாளை முறையாகப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசைதான் என்னை டர்பனுக்கு இழுத்து வந்தது. இங்கிலீஷ் இலக்கியம் படிக்கிறவளுக்குக் கூலிக்காரர் பட்டியலோடு என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். அந்தப் பட்டியல் இங்கிலீஷில்தானே எழுதியிருக்கிறது என்றேன். வாயை அடைக்கச் சொன்ன பதில் அது. ஆனாலும் அதைவிட நல்ல பதில் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் கல்லூரி வளாகம், துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. இனஒதுக்கல் காலத்தில் இது வெள்ளையருக்கான நேட்டால் பல்கலைக்கழகத்தின் டர்பன் வளாகம். இந்தியர்களுக்கென்று 1961இல் அரசு தொடங்கிய கல்லூரியோ துறைமுகத்துக்குள், சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுச்சென்ற கட்டடங்களில் நடந்தது. பிறகு அது பல்கலைக்கழகமாக வளர்ந்து, 1972இல் டர்பனை அடுத்த வெஸ்ட்வில்லுக்கு மாறியது. 2004இல் இரண்டு பல்கலைக்கழகங்களையும் இணைத்து ஒன்றாக்கினார்கள். வெஸ்ட்வில்லில் ஒரு காலத்தில் தமிழும் பாடமாக இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தமிழ் கேட்க வேண்டுமானால் கோயிலுக்குப் போக வேண்டும், அல்லது மியர்பேங்க்கில் யாராவது முதியவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

எனக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு தங்குமிடமாகவே அமைந்தது. மியர்பேங்க் டர்பனின் தென்பகுதியில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே, இந்திய ஊர்ப்பெயர்களைத் தாங்கிய தெருக்களோடு இருக்கும் குடியிருப்பு. 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம் இந்தியரை இந்தியருக்கென்று குறித்த இடங்களுக்குத் துரத்தியபோது இங்கே வந்து சேர்ந்த குடும்பங்கள் பல. என் வீட்டுக்கார ஆயாவும் அப்படி வந்தவர்தான். இங்கேயும் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்பதைக் கேட்டதும் பாதி ஊர்நினைவு தீர்ந்துபோனது. சிறுமியாக இருந்தபோது பிற்பகல்களில் தமிழ்ப் பள்ளிக்கூடம் போனவர். பேச்சில் இங்கிலீஷ் கலந்திருந்தாலும், "இன்னா கண்ணு, இன்னும் தூங்கல?" என்று அவர் கேட்கும்போது என் அப்பாவின் அம்மாவே எதிரில் நிற்பதுபோல் இருக்கும். அவருடைய பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், பேசமாட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தேவாரம் மட்டும், அதுவும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டால், பாடத் தெரியும். நான் எழுதுவது எதைப் பற்றி என்று ஆயா அடிக்கடி கேட்பார். நான் சொல்வேன். "நான் படிச்சா எனக்குப் புரியுமா?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. நான் நழுவிவிடுவேன்.

நழுவ வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. நம் கல்லூரிகளில் ஆய்வு நடை என்று பழக்கப்படுத்தும் ஒரு நடை இருக்கிறது. "எனக் கருதப்படுகிறது", "எனக் கொள்ளலாம்", "என்பது மறுக்கவியலாததாகும்" என்று போகும். ஆங்கிலத்திலும் அதே வாய்ப்பாடுதான். யார் கருதுகிறார், யார் மறுக்கிறார் என்று கேட்டால் ஆள் இருக்கமாட்டார். என் நெறியாளர் அதிகம் பேசாதவர். நான் கொடுத்த முதல் அத்தியாயத்தில் கருத்து எதையும் எழுதாமல், ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் எழுவாய் எங்கே இருக்கிறது என்று பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பாதிப் பக்கங்களில் வட்டமே இல்லை. "காலனிய அதிகாரம் உழைப்பாளியைப் பதிவு செய்தது" என்ற வாக்கியத்துக்கு மட்டும் ஒரு வட்டமும், பக்கத்தில் "எந்த அறையில்?" என்ற கேள்வியும் இருந்தன.

அந்த அறையைத் தேடித்தான் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்தேன். டர்பனிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நேட்டாலில் இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற பதவியில் ஓர் அலுவலர் இருந்தார். அவருடைய அலுவலகக் கோப்புகள் அங்கே இருக்கின்றன. ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி, ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு, அரிசி பருப்பு முதலான படி. இவற்றில் ஏதாவது தவறினால், அல்லது அடித்தால், தொழிலாளி பாதுகாவலரிடம் முறையிடலாம். ஆனால் அனுமதிச் சீட்டில்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே வந்தால் அதுவே குற்றம். முறையிட வந்தவரையே பிடித்து அடைத்த கதைகள் அதனால்தான்.

கோப்பிலிருக்கும் வாக்குமூலத்தின் அமைப்பை நான் நெடுநாள் உற்றுப் பார்த்திருக்கிறேன். முறையிடுபவர் தமிழில் பேசுகிறார். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்கிறார். எழுத்தர் எழுதிக்கொள்கிறார். எழுதும்போது பேசியவர், "இன்ன எண்ணுள்ளவர் கூறுவதாவது" என்று படர்க்கைக்கு மாறிவிடுகிறார். அவர் அழுதாரா, கோபப்பட்டாரா, ஒன்றையே மூன்று முறை சொன்னாரா என்பதெல்லாம் நீங்கி, நாள், கூலி, அடி, சாட்சி என்ற வரிசையில் செய்தி அடுக்கப்படுகிறது. அடியில் ஒரு பெருக்கல் குறி. அதன் இருபுறமும் மேலும் கீழுமாக, அது இன்னாருடைய கீறல் என்று வேறொருவர் கையெழுத்தில் எழுதியிருக்கும். தாள் முழுவதிலும் முறையிட்டவரின் கை பட்ட இடம் அந்தக் கீறல் ஒன்றுதான். நான் எழுதிக்கொண்டிருந்த ஆய்வு நடைக்கும் அந்த எழுத்தரின் நடைக்கும் உறவு இருப்பது எனக்கு அங்கே உறைத்தது. இருவருமே ஆளை எடுத்துவிட்டுச் செய்தியை மட்டும் வைத்துக்கொள்கிறோம். எழுத்தருக்காவது அது அலுவலகக் கட்டளை.

இந்த அளவில் என் வளர்ச்சி நின்றிருந்தால் நல்ல ஆய்வுக் கட்டுரைகள் சில எழுதியிருப்பேன். வகுப்பறை அப்படி நிற்க விடவில்லை.

மேற்படிப்பு மாணவர்களுக்கு இங்கே பயிற்று வகுப்பு எடுக்கும் வேலை கிடைக்கும். பேராசிரியர் பெரிய அரங்கில் விரிவுரை நடத்துவார். பிறகு மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து எங்களிடம் வருவார்கள். ஊதியம் மணிக்கணக்கில். ஒரு கட்டுரையைத் திருத்த எவ்வளவு நேரம் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அந்தக் கணக்கைப் போட்டவர் ஒருபோதும் கட்டுரை திருத்தியிருக்கமாட்டார் என்பது என் நெடுநாள் சந்தேகம். என் குழுவில் பெரும்பாலோர் ஜூலு பேசும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் வந்தவர்கள் பலர். 2014 முதல் இந்தப் பல்கலைக்கழகத்தில் ஜூலு தெரியாத முதலாண்டு மாணவர்கள் அந்த மொழியில் ஒரு பாடம் படித்தாக வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆனால் ஜூலு பேசும் மாணவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரையில் சலுகை எதுவும் கிடையாது.

திருத்துபவர்களுக்கு ஒரு குறியீட்டுத் தாள் தருவார்கள். எழுத்துப்பிழைக்கு ஒரு குறி, மேற்கோள் விடுபட்டால் ஒரு குறி, வாக்கியம் சரியாக அமையவில்லை என்றால் ஒரு குறி. இவற்றோடு எல்லாரும் தாராளமாகப் பயன்படுத்தும் ஒரு சொல் "தெளிவில்லை". நானும் பயன்படுத்தினேன். அதை எழுத அரை நொடி போதும். விளக்க அரை மணி ஆகும்.

அந்தப் பருவத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த பணி, இனஒதுக்கல் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் சாட்சியம் ஒன்றைப் படித்து எழுதுவது. 1996இல் தொடங்கிய அந்த ஆணையத்தின் அமர்வுகளில் சாட்சிகள் தங்கள் தங்கள் மொழியில் பேசினார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் கண்ணாடிக் கூண்டுக்குள் அமர்ந்து உடனுக்குடன் மாற்றிச் சொன்னார்கள். பாதுகாவலரின் எழுத்தரைப்போல் அல்லாமல் அவர்கள் "நான்" என்றே சொன்னார்கள். "என் மகனைக் கொன்றார்கள்" என்று நாள் முழுவதும் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்ததில் மனம் உடைந்துபோன மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றிப் பிறகு நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நாங்கள் எடுத்துக்கொண்டது கொனிலே என்ற அம்மையாரின் சாட்சியம். 1986 மார்ச் 3 அன்று கேப்டவுனின் குகுலேதுவில் காவல்துறை சுட்டுக்கொன்ற ஏழு இளைஞர்களில் ஒருவரின் தாய் அவர். கோசா மொழியில் பேசினார். ஆங்கில எழுத்துப்படியைப் படித்தால் தொடர்பில்லாமல் பேசுவதாகத் தோன்றும். மகனின் சாவைப் பற்றிச் சொல்ல வந்தவர் நடுவில் கனவில் வந்த ஓர் ஆட்டைப் பற்றிப் பேசுகிறார், பாறைக்கடியில் சிக்கிக்கொண்டதைப் பற்றிப் பேசுகிறார். பல ஆண்டுகள் கழித்து மூன்று ஆய்வாளர்கள் மூல ஒலிப்பதிவைக் கேட்டு, மொழிபெயர்ப்பிலும் எழுத்துப்படியிலும் எவ்வளவோ விடுபட்டும் திரிந்தும் போயிருப்பதையும், அவருடைய பேச்சுக்குள் உறுதியான ஒழுங்கு ஒன்று இருப்பதையும் காட்டினார்கள்.

என் குழுவிலிருந்த ஒரு மாணவர், நேட்டாலின் வடக்கே ஒரு கிராமத்திலிருந்து வந்தவர், அந்த ஆட்டைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தார். ஒரு பத்தியில், ஆடு வந்ததும் அந்தத் தாய்க்குச் செய்தி தெரிந்துவிட்டது என்று எழுதிவிட்டு, விளக்கம் எதுவும் இல்லாமல் அடுத்ததற்குப் போய்விட்டார். ஓரத்தில் நான் வழக்கம்போல் எழுதியிருந்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் அவர் அறைக்கு வந்தார். மிகுந்த மரியாதையோடு, "தெளிவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் மேடம், யாருக்கு?" என்று கேட்டார்.

திமிராகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எங்கள் வீட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, மூதாதையருக்கு ஆடு வெட்டுவதை அறியாத ஆள் யார், நீங்கள் இந்துதானே, உங்கள் கோயிலில் வெட்டமாட்டீர்களா என்றார். வெட்டுவோம் என்றேன். ஆடி மாதத்தில் எங்கள் ஊர் மாரியம்மனுக்கு வெட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அப்படியானால் அந்தப் பத்தி எனக்குத் தெளிவாகத்தான் இருந்தது. நான் எழுதிய "தெளிவில்லை" என்னுடையதல்ல; இறுதியில் அந்தத் தாளைப் பார்க்கக்கூடிய, ஆடு வெட்டாத யாரோ ஒருவருடையது. நான் அவருக்காகப் பேசிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளர்களின் வேலைதான் என்னுடையதும். அவர்கள் அதை அறிந்து செய்தார்கள்.

இதை மாணவருக்கு முழு வெற்றி என்றும் சொல்ல முடியாது. கட்டுரை என்பது தன் வீட்டாருக்கு எழுதுவதல்ல. வேறு ஊரிலிருக்கும் ஒருவர் படித்து, ஒப்புக்கொள்ளவும் மறுக்கவும் இடம் கொடுத்து எழுதுவது. நாங்கள் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: பத்தியை விளக்கம் சேர்த்து நீட்டுவதில்லை, ஆட்டின் பொருள் தெரியாத வாசகர் எந்த இடத்தில் தடுக்குவார் என்று காட்டி, அந்தத் தடுக்கலையே வாதமாக்குவது. ஆணையத்தின் எழுத்துப்படியும் அங்கேதான் தடுக்குகிறது என்று அவர் எழுதிக்கொண்டு வந்தார். அந்தப் பருவத்தில் நான் படித்த கட்டுரைகளிலேயே சிறந்தது அது.

அதற்குப் பிறகு என் ஓரக் குறிப்புகள் மாறிவிட்டன. "தெளிவில்லை" என்பதை விட்டுவிட்டு, நான் புரிந்துகொண்டதை எழுதினேன்: "நீ இப்படிச் சொல்வதாக எடுத்துக்கொள்கிறேன், சரிதானா?" சில இடங்களில், "எனக்குப் புரிகிறது. ஆனால் உன்னை அறியாதவருக்கு இங்கே ஒரு வரி வேண்டும்." இன்னும் சில இடங்களில், "இது தாளில் இருப்பதா, நீ விரும்புவதா?" இப்படி எழுதினால் நேரக் கணக்கு உதைக்கும், கூலியில்லாத மணிகள் கூடும். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2022, 2023 ஆண்டுகளில், ஒரே நாளில் மூன்று முறை மின்சாரம் போய்வந்துகொண்டிருந்தபோது, ஆயாவின் சமையலறை மேசையில் எமர்ஜென்சி விளக்கை வைத்துக்கொண்டு திருத்துவேன். ஆயா எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே, "அந்தப் பிள்ளைங்க எழுதறதவிட நீ எழுதறது ஜாஸ்தியா இருக்கே" என்பார்.

ஜாஸ்தியாகத்தான் இருந்தது. ஒருநாள் அதே பேனாவால் என் அத்தியாயத்தை எடுத்து, முதலாண்டு மாணவி ஒருத்தி கொடுத்ததாக நினைத்துக்கொண்டு, ஓரத்தில் எழுதத் தொடங்கினேன். முன்பு நெறியாளர் பென்சிலால் வட்டமிட்டபோது புரியாமலிருந்த பலவும் என் கேள்விகளாகவே வந்தபோது புரிந்தன. "இந்தப் பெண் தோட்டத்திலிருந்து தப்பியது எதிர்ப்பின் வெளிப்பாடு" என்று எழுதியிருந்த இடத்தில், "கோப்பில் இருப்பது அவள் காணவில்லை என்பது மட்டும், எதிர்ப்பு யாருடையது?" என்று எழுதினேன். ஆய்வேட்டின் பக்கங்கள் குறைந்தன. "நான்" என்ற சொல் கூடியது. ஆய்வில் தன்மை ஒருமை வரக்கூடாது என்று நம் பக்கத்தில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை அடக்கம் என்றும் நினைக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. கோப்பு சொல்வது எது, அதிலிருந்து ஊகிப்பது யார் என்று பிரித்துக் காட்ட அந்தச் சொல்லைவிட நேர்மையான கருவி கிடையாது. "எனக் கொள்ளலாம்" என்பதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வதுதான் அகந்தை.

இனி கதை. என் பட்டத்துக்கான ஆய்வேட்டில் இரண்டு பகுதிகள்: படைப்பு ஒன்று, அதையும் அதன் ஆதாரங்களையும் பற்றிய ஆய்வு ஒன்று. கதைகளுக்குப் பட்டறை உண்டு. எல்லோரும் முன்கூட்டியே படித்துவிட்டு வந்து பேசுவார்கள். எழுதியவர் வாயைத் திறக்கக்கூடாது. கோபக்காரர்களுக்கு மிகவும் நல்ல பயிற்சி.

ஒப்பந்தக் கூலிகளைப் பற்றிய புனைவுகளில் சில காட்சிகள் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். கப்பல் தளம், உப்புக்காற்று, கரையில் கைகாட்டும் அம்மா, முந்தானையில் முடிந்துவந்த ஒரு பிடி மண். எனக்கு அவற்றின்மேல் பொறுமை இல்லை. அந்த மக்கள் அழவில்லை என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த அழுகை எழுதுபவருக்கு மிக எளிதாகக் கிடைத்துவிடுகிறது, அதற்காக அவர் ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்பதால் சொல்கிறேன். ஆகவே என் கதையைப் பாதுகாவலரின் அலுவலகத்தில், முறையீட்டு வரிசையில் நிற்கும் ஒரு போளூர்ப் பெண்ணிடமிருந்து தொடங்கினேன். பட்டறையில் அதைப் படித்த நண்பர் ஒருவர், ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் கவிதை எழுதுகிறவர், அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இந்த அறையில் மூன்று பேர் இருக்கிறார்கள். வெள்ளைக்காரருக்கு முகம் இருக்கிறது, பெண்ணுக்கு முகம் இருக்கிறது. நடுவில் பேசுகிறவனுக்கு ஏன் முகமே இல்லை?" என்று கேட்டார். நான் பேசக்கூடாத நேரம் அது. நல்லதாகப் போயிற்று, பதில் இல்லை.

நேட்டாலில் நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் மொழிபெயர்ப்பாளர்களாக இருந்த தமிழர் பலர் ஆங்கிலம் படித்த கிறித்தவர்கள். அவர்களைப் பற்றிய குறிப்புகளைத் தேடியபோது, பள்ளி நாளிலிருந்து நாமெல்லோரும் அறிந்த ஒரு நிகழ்ச்சியே வேறுவிதமாகத் தெரிந்தது. 1894இல், முன்பற்கள் உடைந்து, வாயில் ரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி டர்பனில் காந்தியின் அலுவலகத்துக்கு வருகிறார். முதலாளி அடித்துவிட்டார். அந்தத் தலைப்பாகையைப் பற்றிக் காந்தி தம் தன்வரலாற்றில் உருக்கமாக எழுதுகிறார். பாலசுந்தரம் சொன்னதெல்லாம் காந்திக்கு எப்படிப் புரிந்தது? தம்மிடம் வேலை பார்த்த தமிழ் எழுத்தர் மூலமாகத் தெரிந்துகொண்டதாக அவரே எழுதுகிறார். அந்த எழுத்தரின் பெயரை அங்கே காணோம். ஒரு நூற்றாண்டாக மேடைக்கு மேடை சொல்லப்பட்டுவரும் கதையில், அதைச் சாத்தியமாக்கியவர் ஒரே ஒரு வரியில் வந்துபோகிறார். எனக்கு வேண்டிய ஆள் கிடைத்துவிட்டார்.

கதை அந்த நடு ஆளுடையதாக மாறியது. ஆங்கிலத்தில்தான் எழுதினேன், எழுதி முடித்ததும் ஆயாவுக்குத் தமிழில் சொன்னேன். நழுவாமல் சொன்ன முதல் முறை அது. காது கொடுத்துக் கேட்டுவிட்டு ஆயா கேட்டார்: "எல்லாத்தையும் கேட்டுட்டு சாயங்காலம் வூட்டுக்குப் போவான் இல்ல? பொண்டாட்டிகிட்ட இன்னா சொல்லுவான்?" நான் அதை யோசிக்கவே இல்லை. அவன் வீட்டைப் பற்றிய காப்பகத் தாள் எதுவும் கிடையாது. அதனால் என் புத்தி அந்தப் பக்கம் போகவில்லை. காப்பகத்தில் நெடுநாள் உட்கார்ந்தவர்களுக்கு வரும் நோய் இது. கதையின் பிற்பாதி முழுக்க அந்த வீட்டில், ஒரு மாலையில் நடக்கிறது. அவன் மனைவியிடம் ஒன்றும் சொல்வதில்லை. கூலியைப் பற்றி மட்டும் பேசுகிறான். பேச்சில் ஒரு இடத்தில், தன்னையறியாமல், "இன்னார் கூறுவதாவது" என்கிற தோரணையில் தன் மகனைப் பற்றியே சொல்கிறான். அதை நான் திட்டமிட்டு எழுதவில்லை. ஓரக் குறிப்பெழுதிப் பழகிய காது எழுதியது.

கதையில் அடிக்குறிப்போ சொல்லகராதியோ வைப்பதில்லை என்று முடிவு செய்ததற்கும் ஒரு மாலை காரணம். பல்கலைக்கழகத்தின் படைப்புக் கலை மையம் 1997 முதல் நடத்திவரும் கவிதை விழாவுக்கு, வளாகத்துக்குள்ளேயே இருக்கும் எலிசபெத் ஸ்நெடன் அரங்குக்குப் போயிருந்தேன். ஒரு கவிஞர் ஜூலுவில் மட்டுமே படித்தார், ஒரு வரிகூட மாற்றிச் சொல்லாமல். அரங்கில் பாதி சிரித்தது, பாதி சிரித்தவர்களைத் திரும்பிப் பார்த்தது. நான் திரும்பிப் பார்த்த பாதி. புரியாமல் உட்கார்ந்திருப்பது அவ்வளவு மோசமான அனுபவமல்ல என்று தெரிந்தது. கட்டுரையில் ஆட்டுக்கு ஒரு வரி விளக்கம் வேண்டும் என்று மாணவருக்குச் சொன்னவள், கதையில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை விளக்கமாட்டேன் என்று அடம்பிடிப்பது முரண்பாடு என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டுரையில் வாசகர் என்னோடு வாதாட வேண்டும், அதற்கு அவர் கையில் எல்லாம் இருக்க வேண்டும். கதையில் அவர் விருந்தாளி. டர்பனை அடுத்த இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு ஈஸ்டர் சமயத்தில் வரும் கூட்டத்தில் யாரோ ஒருவர்போல வந்து நின்று பார்த்துவிட்டுப் போகட்டும்.

தென்னாப்பிரிக்காவில் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு பெரும்பாலும் இல்லை. வெளித்தேர்வாளர்களின் அறிக்கைகள் எழுத்தில் வரும். நாமும் எழுத்திலேயே பதில் சொல்லித் திருத்த வேண்டும். அதாவது இப்போது என் தாளின் ஓரத்தில் வேறொருவர் எழுதுவார். ஒரு தேர்வாளர், கதைக்காக நான் இட்டுக்கட்டிய வாக்குமூலம் உண்மையான கோப்பைப்போலவே இருப்பதாகவும், பின்னால் வரும் ஆய்வாளர் ஏமாறாதபடி அது கற்பனை என்று ஓரிடத்தில் சொல்லிவிட வேண்டும் என்றும் கேட்டிருந்தார். நியாயம்தான், சொன்னேன். மற்றவர், ஆய்வுப் பகுதியில் "நான்" மிகுதி, குறைக்கவும் என்று எழுதியிருந்தார். அதைக் குறைக்கவில்லை. ஒவ்வொரு "நான்"ஐயும் எடுத்துவிட்டால் அந்த வாக்கியம் யாருடைய ஊகமாக மாறிவிடும் என்று ஒரு பக்கத்துக்கு அட்டவணை போட்டு இணைத்து அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது முதலாண்டுக் குழுக்களுக்கு நான் கொடுக்கும் முதல் பணி, கப்பல் பட்டியலின் ஒரு பக்கம். இரண்டு பத்தி எழுத வேண்டும். முதல் பத்தியில் பக்கம் சொல்வது மட்டும். இரண்டாவதில் அவர்களுக்குத் தோன்றுவது எதுவானாலும். முதலாவதுதான் கடினம் என்று எல்லோரும் முறையிடுகிறார்கள். சென்ற பருவத்தில் ஒரு மாணவி பட்டியலில் உடல் அடையாளம் குறித்த கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். இடது தொடையில் தழும்பு என்று எழுத வேண்டுமானால் யாரோ துணியை விலக்கிப் பார்த்திருக்க வேண்டும், இதை முதல் பத்தியில் எழுதுவதா இரண்டாவதிலா என்று கேட்டாள். வகுப்பில் பாதிப் பேர் முதலாவது என்றார்கள், மீதிப் பேர் இரண்டாவது என்றார்கள். அடுத்த குழு வந்து கதவைத் தட்டும்வரை சண்டை ஓயவில்லை.